நடந்து எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

ஹட்டனில் கடை பூட்டிவிட்டு டிக்கோயா வீதியில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள், நுவரெலியாவில் விடியற்காலை கிரகரி வாவிக் கரையைச் சுற்றுபவர்கள், கொழும்பிலிருந்து லீவில் வந்து தோட்டத்து ரோட்டில் ஓடும் பிள்ளைகள் என்று மலையகத்தில் எடை குறைக்க முயல்வோரை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. பலர் கையில் நடையை எண்ணும் மணிக்கூடு இருக்கிறது. இல்லையென்றால் கைத்தொலைபேசியில் ஒரு செயலி. நடை முடிந்ததும் இத்தனை கலோரி எரித்தாய் என்று அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. சில செயலிகள் இன்னும் ஒருபடி மேலே போய், இன்று சாப்பிட வேண்டிய அளவோடு அந்த எண்ணையும் கூட்டிவிடுகின்றன. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வரும் ஆள் குழம்பிப்போவது அங்கேதான். எரித்ததைச் சாப்பிட்டுவிட்டால் நடந்தது வீண்தானே? சாப்பிடாவிட்டால் உடம்பு தளர்ந்துவிடாதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேர நடைக்காகத் தனியாக எதையும் சாப்பிட வேண்டியதில்லை. பசி தாங்கவில்லை என்றால் மணிக்கூடு காட்டுவதில் பாதிக்குச் சாப்பிடலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர் உழைப்புக்கு உரியதை அவர் முழுவதுமாகச் சாப்பிட்டாக வேண்டும். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். (இங்கே கலோரி என்று எழுதுவது, உணவுப் பொட்டலங்களில் கிலோ கலோரி என்று அச்சிடும் அதே அளவு.)

கணக்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

ஒருவர் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூச்சு, மூளை, உடற்சூடு எல்லாவற்றுக்கும் எரிபொருள் வேண்டும். இதை அடிப்படைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். வயது, எடை, ஆணா பெண்ணா என்பதை வைத்து இதைக் கணிக்கச் சூத்திரங்கள் உண்டு. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய நிறுவனமும் 2004-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த அடிப்படைச் செலவை ஓர் எண்ணால் பெருக்கி முழு நாள் செலவைக் காணச் சொல்கிறது. உட்கார்ந்தும் நின்றும் செய்யும் இலேசான வேலைக்கு 1.40 முதல் 1.69 வரை, நடுத்தர உழைப்புக்கு 1.70 முதல் 1.99 வரை, கடும் உழைப்புக்கு 2.00 முதல் 2.40 வரை.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். அக்கா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், வயது 40, எடை 45 கிலோ. தங்கை ஹட்டனில் துணிக்கடையில் வேலை, வயது 35, எடை 65 கிலோ, உயரம் 152 சென்ரிமீற்றர். அக்காவின் அடிப்படைச் செலவு 1,210 கலோரி அளவில் வரும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், செங்குத்தான மலையில் ஏறி இறங்கி, கூடையும் சாக்கும் சுமந்து, பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்கும் வாழ்க்கைக்கு 1.9 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 2,300 கலோரி. இதே உடம்பு கடையில் நின்றிருந்தால் 1.5 போதும், 1,815 கலோரியோடு முடிந்துவிடும். இடையில் இருக்கும் 485 கலோரிதான் மலை கேட்கும் சாப்பாடு. அது அக்காவின் நாளுக்குள்ளேயே இருக்கிறது. அதை 'உடற்பயிற்சி' என்று தனியாகப் பிரித்து, சாப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்க இடமே இல்லை.

தங்கையின் கணக்கு வேறு. அடிப்படைச் செலவு 1,375, கடை வேலைக்கு 1.5 வைத்தால் 2,060. எடை குறைக்க அதிலிருந்து 450-ஐக் கழித்து ஏறக்குறைய 1,600 கலோரிக்குள் சாப்பிடுகிறார். பின்னேர நடை இந்த 2,060-இல் சேரவில்லை. ஆகவே அது தனிக்கணக்கு.

ஆட்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். செயலியை முதன்முதலில் திறக்கும்போது 'உங்கள் வேலை எப்படிப்பட்டது' என்று கேட்கும். அங்கே 'கடும் உழைப்பு' என்று அழுத்திவிட்டு, அதற்குப் பிறகு மணிக்கூடு எண்ணும் அடிகளையும் சேர்த்துக்கொண்டால் ஒரே உழைப்பு இரண்டு தரம் வரவு வைக்கப்படுகிறது. நாளுக்கு 400, 500 கலோரி இப்படிக் கூடுதலாக ஏறிவிடும். குறைத்துச் சாப்பிடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருப்பவர் உண்மையில் ஒரு கலோரிகூடக் குறைத்திருக்க மாட்டார். எனவே எந்தச் செயலியையும் நம்புவதற்கு முன் அதன் அமைப்பில் என்ன தெரிவு செய்திருக்கிறோம் என்பதைத் திரும்பிப் பார்ப்பது முதல் வேலை. வேலையைச் சொல்லிக் கணித்த அளவு என்றால் அந்த வேலைக்கு மேலும் சேர்க்கக் கூடாது. உட்கார்ந்த வாழ்க்கை என்று சொல்லிக் கணித்த அளவு என்றால் மட்டுமே பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.

227 எப்படி 117 ஆகிறது?

தங்கை ஒரு மணி நேரம் சாதாரண வேகத்தில் நடக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி அளவில் செலவழிக்கும். நடக்கும்போது அதைப் போல மூன்றரை மடங்கு என்று கொண்டால் 65 கிலோவுக்கு 227 கலோரி வரும். மணிக்கூடு காட்டுவது பெரும்பாலும் இந்த எண்தான்.

ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் 65 கலோரி போயிருக்கும். அந்த 65 அவருடைய நாள் கணக்கில் முன்பே இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகுதான் பேரில் பதிவார்கள் அல்லவா, அதுபோல இங்கேயும் கழிவு உண்டு. கழித்தால் நடை தந்தது 162.

அதிலும் முழுவதும் கையில் நிற்பதில்லை. தன்சானியாவில் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பொன்ட்சர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார். நாள்தோறும் மைல் கணக்கில் நடக்கும் அவர்களுடைய மொத்த நாள் செலவு, உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, அமெரிக்க நகரவாசிகளின் செலவிலிருந்து வேறுபடவில்லை. எதிர்பாராத முடிவு அது. உடம்பு ஓரிடத்தில் அதிகம் செலவழித்தால் இன்னோரிடத்தில் இறுக்கிப் பிடிக்கிறது என்பது அவர் தரும் விளக்கம். 2021-இல் 1,754 பேரின் அளவீடுகளை வைத்து வெளிவந்த இன்னொரு ஆய்வு அந்த இறுக்கத்துக்கு ஓர் அளவு சொன்னது. அசைவால் கூடுதலாக எரிப்பதில் சராசரியாக 28 வீதத்தை உடம்பு வேறு வழியில் மிச்சம் பிடித்துவிடுகிறது. எடை மிகக் கூடியவர்களிடம் இது ஏறக்குறைய பாதி வரை போகிறது.

162-இல் 28 வீதத்தைக் கழித்தால் 117. மணிக்கூடு காட்டிய 227-இல் இது ஏறக்குறைய பாதி. 'பாதிக்கு மேல் திரும்பச் சாப்பிடாதே' என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். பாதியைச் சாப்பிட்டால் தங்கை முதலில் திட்டமிட்ட 450 கலோரிக் குறைவு அப்படியே இருக்கும், எடை வாரத்துக்கு 400 கிராம் அளவில் இறங்கும். 227-ஐயும் சாப்பிட்டால் அந்தக் குறைவில் நாள்தோறும் 110 காணாமல் போகும். ஒன்றுமே சாப்பிடாவிட்டால், ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி என்ற பழைய கணக்குப்படி, நடையால் மட்டும் இரண்டு மாதத்தில் இன்னொரு கிலோ குறையும். நடையின் பலன் அவ்வளவு மெதுவானதா என்று மனம் தளர வேண்டாம். சீனி நோய், இரத்த அழுத்தம், தூக்கம், முழங்கால் எல்லாவற்றுக்கும் நடை செய்யும் நன்மை தராசில் தெரிவதில்லை. தராசு முள்ளை நகர்த்துவது முக்கியமாகச் சாப்பாடு, அவ்வளவுதான்.

இந்த 117 எவ்வளவு சிறியது என்பதைத் தட்டில் பார்த்தால் விளங்கும். 60 கிராம் கோதுமை மாவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் சேர்த்துச் சுட்ட ஒரு ரொட்டி 260 கலோரி. இரண்டு தேக்கரண்டி சீனியும் பால்மாவும் போட்ட ஒரு தேத்தண்ணி 80. நடந்து களைத்து வந்து ஒரு ரொட்டியும் ஒரு தேத்தண்ணியும் எடுத்தால் அன்றைய நடையைப் போல மூன்று மடங்கு வயிற்றுக்குள் போய்விட்டது.

மணிக்கூட்டை எவ்வளவு நம்பலாம்?

அதிகம் நம்ப முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஏழு வகை மணிக்கூடுகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் எல்லாமே தவறின. அவற்றுள் மிகச் சரியானதுகூட 27 வீதம் பிசகியது, மிக மோசமானது 93 வீதம்.

நம் பக்கத்தில் இதற்கு மேலும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஏற்றம். அடிகளை மட்டும் எண்ணும் செயலிக்கு ஹட்டன் ரயில் நிலையத்து மேடையும் தோட்டத்து ஒற்றையடிப் பாதையும் ஒன்றுதான். உண்மையில் 65 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீற்றர் உயரம் ஏற, தசையின் திறனைக் கால்வாசி என்று கொண்டால், 60 கலோரி கூடுதலாக வேண்டும். லயத்திலிருந்து மேல் ரோட்டுக்கு ஏறிப் போவோருக்கு அந்த 60-ஐச் செயலி கொடுக்காமல் விட்டுவிடலாம்.

மற்றது, இரத்தச் சோகை. இதை மலையகப் பெண்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு அதே ஏற்றத்தை ஏற இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. துடிப்பை வைத்துக் கலோரி கணிக்கும் மணிக்கூடு, இந்த ஆள் கடுமையாக உழைக்கிறார் என்று எண்ணிக் கூட்டிக் காட்டுகிறது. அந்தப் பெரிய எண் நோயின் அறிகுறி. படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, நகமும் இமையின் உட்புறமும் வெளிறியிருக்கிறது என்றால் கலோரி எண்ணுவதை நிறுத்திவிட்டு முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மலையை விட்ட பிறகும் மலைக்கான சாப்பாடு

உழைப்புக்கும் பசிக்கும் உள்ள உறவைப் பற்றிய மிகப் பழைய, மிகப் பேர்பெற்ற ஆய்வுகளில் ஒன்று நம் தெற்காசியாவில் நடந்தது. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரோடு பூர்ணிமா ரோய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகியோரும் மேற்கு வங்காளத்தில் சணல் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார்கள். கொல்கத்தாவுக்கு அருகே செங்காயில் என்ற இடத்தில் இருந்த லட்லோ ஆலை அது. உள்ளே நிலக்கரி அள்ளுவோரும் பொதி சுமப்போரும் இருந்தார்கள். எழுதுவினைஞர்களும் மேற்பார்வையாளர்களும் இருந்தார்கள். ஆலையோடு ஒட்டி நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள்.

நடுத்தர வேலையிலிருந்து கடும் வேலை வரை பார்த்தால் எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தது. வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. பசி தன் கணக்கைச் சரியாகவே பார்த்துக்கொண்டது. ஆனால் அசையாமல் இருந்தவர்களிடம் அந்தக் கணக்கு அறுந்துபோயிருந்தது. உழைப்பு குறைந்த அளவுக்கு அவர்கள் சாப்பாடு குறையவில்லை, சுமை தூக்கியவர்களுக்குச் சமமாகவும் கூடுதலாகவும்கூடச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களிடமே கூடியிருந்தது. ஒரே ஆலை, ஆண்கள் மட்டும் என்ற வரம்பு அந்த ஆய்வுக்கு உண்டு. ஆனாலும் தோட்டத்தை அறிந்த எவருக்கும் அதைப் படிக்கும்போது தெரிந்த முகங்கள் நினைவுக்கு வரும்.

ஏனென்றால் கடந்த இரண்டு தலைமுறையாக மலையகத்தில் நடந்துகொண்டிருப்பதும் அதுதான். தாய் மலையில் இருபது கிலோ கொழுந்துக்காக ஏறி இறங்கிய வயதில் மகள் கொழும்பில் கடையில் நிற்கிறார், ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார், பாடசாலையில் படிப்பிக்கிறார். வீட்டுச் சாப்பாடு மட்டும் மாறவில்லை. காலையில் மா ரொட்டியும் சம்பலும், பத்து மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணி, மத்தியானம் குவித்த சோறும் கிழங்குக் கறியும், பின்னேரம் மறுபடியும் ரொட்டி. அக்காவின் 485 கலோரி ஏற்றத்துக்காக உருவான தட்டு அது. மலிவாகவும் விரைவாகவும் வயிற்றை நிரப்ப வேண்டியிருந்த சம்பளத்தில் வேறெப்படிச் சாப்பிட்டிருக்க முடியும்? பிழை தாயிடம் இல்லை, மகளிடமும் இல்லை. வேலை மாறிய வேகத்துக்குப் பசி மாறுவதில்லை. கொழுந்து மலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களிடமும், முழங்கால் வலியால் வேலையை விட்டவர்களிடமும் ஓரிரு வருடத்தில் எடை ஏறிவிடுவதற்கும் இதே காரணம்தான்.

2005–06 காலத்தில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் எடுத்த ஆய்வொன்றில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நீரிழிவு நகரங்களில் 16.4 வீதமாகவும் கிராமங்களில் 8.7 வீதமாகவும் இருந்தது. நகரத்துக்குப் போன பிள்ளைகள் போய்ச் சேர்வது இந்த முதல் எண்ணின் பக்கம். அவர்களுக்கு நான் சொல்வது, நடைக்கு ஈடாக எதைச் சாப்பிடலாம் என்று தேடுவதற்கு முன் தாயின் தட்டிலிருந்து மலைக்கான பங்கை எடுத்துவிடுங்கள் என்பதே. ஒரு ரொட்டியும் நாளுக்கு நாலு தேத்தண்ணியின் சீனியும் குறைந்தாலே 390 கலோரி குறைந்துவிடும்.

சிவனொளிபாதமலை ஏறும் நாள்

வருடத்தில் ஒரு நாள் மட்டும் இந்த அறிவுரையை மாற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பர் போயா முதல் வெசாக் வரையான பருவத்தில் நல்லதண்ணியிலிருந்து மலையேறுவோருக்கு ஏறக்குறைய 5,500 படி, உச்சி 2,243 மீற்றர். அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரம். 65 கிலோ ஆளுக்கு உயரம் ஏறவே 600 கலோரி, நடையும் இறக்கமும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். இரவு முழுக்கத் தூக்கமில்லை, உச்சியில் குளிர். அன்று 1,600-க்குள் நிற்பேன் என்று பிடிவாதம் பிடிப்பது நல்லதல்ல. கால் நடுங்கி இறங்கும்போது படியில் விழுவதற்கு அது வழி. ஏறுமுன் சோறோ ரொட்டியோ சாப்பிட்டு, வழியில் வாழைப்பழமும் அவித்த கடலையும் எடுத்துக்கொண்டு, இறங்கி வந்து நன்றாகச் சாப்பிடலாம். ஒரு நாள் கணக்கால் எடை கூடிவிடாது. மலையேறினோம் என்பதற்காக அடுத்த மூன்று நாளும் கொத்து ரொட்டி சாப்பிட்டால்தான் கூடும்.

எரித்ததை முழுவதும் சாப்பிட வேண்டியவர்கள்

எடை குறைப்பைப் பற்றி எழுதும்போது தோட்டத்தில் இன்னும் பெரிய பிரச்சினை போதாமைதான் என்பதை மறக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்தான் கொழுந்துக் கூடை சுமப்பவர்கள். கொழும்பு விளம்பரத்தைப் பார்த்து அவர்கள் இராச்சாப்பாட்டை விடுவது பேரிழப்பு.

1979-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. இரத்தச் சோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எடுத்த கொழுந்தின் அளவு கூடியது, இரத்தம் மிகக் குறைந்திருந்தவர்களிடம் அது தெளிவாகவே கூடியது. வேலை நேரத்துக்கு வெளியேயும் அவர்களின் அசைவு கூடியிருந்தது. அதுவரை அவர்கள் குறைவாக எடுத்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. உள்ளே இரும்புச்சத்து இல்லாததால் உடம்பு தானாகவே அசைவைக் குறைத்துக்கொண்டிருந்தது. கலோரி போதாத உடம்பும் அதையேதான் செய்யும்: கை தளரும், கொழுந்து குறையும், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும்.

ஆகவே மலை வேலை செய்யும் பெண் ஒருவருக்கு உண்மையிலேயே எடை கூடியிருந்தால், அதாவது எடையைக் கிலோவில் எடுத்து உயரத்தின் மீற்றர் வர்க்கத்தால் வகுக்க 23-க்கு மேல் வந்து, இடுப்புச் சுற்றளவும் 80 சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தால், சீனியையும் பொரித்ததையும் குறைத்து நாளுக்கு 200, 250 கலோரி அளவில் மெதுவாக இறங்கட்டும். உழைப்பின் பங்கில் கைவைக்க வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாகவே வேண்டும். கர்ப்பிணிக்கு எடை குறைப்பு கிடையாது.

பாடசாலை அணிக்கு ஓடும் பெண்பிள்ளைகளையும் இங்கே சேர்க்க வேண்டும். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் பாடசாலைக்கு ஏற்றம், வீட்டில் மட்டான சாப்பாடு. இந்த நிலை நீடித்தால் மாதவிடாய் தவறும், எலும்பு மெலியும், சிறு அடியிலேயே எலும்பு வெடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. மாதவிடாய் மூன்று மாதம் வராத ஓட்டக்காரப் பிள்ளைக்குப் பயிற்றுநர் முதலில் பார்க்க வேண்டியது அவள் தட்டை.

இன்னொரு கூட்டம் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள். மெட்போர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி மிகவும் இறங்கிவிடும் அச்சம் குறைவு. இன்சுலின், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் எடுப்பவருக்கு அச்சம் உண்டு. சாப்பாட்டையும் குறைத்து நடையையும் கூட்டினால் நடு ரோட்டில் வியர்த்து, நடுங்கி, தலை சுற்றலாம். அந்த நேரத்தில் மூன்று நாலு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரை உடனே குடிக்க வேண்டும், கலோரி கணக்குக்கு அங்கே வேலையில்லை. அடிக்கடி இப்படி நேர்ந்தால் சாப்பாட்டைக் கூட்டி எடையை ஏற்றுவதை விட, வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைக் குறைப்பதே வழி.

திரும்பச் சாப்பிடுவதென்றால் எதை?

100 கலோரி, 120 கலோரி என்பது சிறிய இடம். அதில் ரொட்டியும் சீனியும் போட்டால் வாயில் வைத்த நேரத்தில் முடிந்துவிடும், அரை மணியில் மறுபடியும் பசிக்கும். ஒரு அவித்த முட்டையும் அரை வாழைப்பழமும், அல்லது ஒரு பிடி அவித்த கடலை, அல்லது அரைக் கோப்பை கெட்டியான பருப்பு என்றால் பசியும் அடங்கும், எடை குறையும்போது தசை கரையாமலும் காக்கும். இராச்சாப்பாட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து நெத்தலிக் கருவாட்டையும் கீரையையும் கூட்டினால் இன்னும் நல்லது. தோட்டத்து வீட்டுப் பின்புறத்தில் கீரை வளர்க்க ஒரு முழ இடமாவது பலருக்கு இருக்கிறது.

தேத்தண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயத் தண்ணீரில் கலோரி இல்லை, சீனியிலும் பால்மாவிலும்தான் இருக்கிறது. ஆனால் சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது வெகுவாகக் குறையும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்புச்சத்து சேர்வது கூடும்.

எது சரி என்று எப்படித் தெரியும்?

மனிதர்கள் தாம் சாப்பிடுவதைக் குறைத்தும் உழைப்பதைக் கூட்டியும் சொல்வார்கள். 1992-இல் அமெரிக்காவில், எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட சிலரை அளந்து பார்த்தபோது, அவர்கள் உண்மைச் சாப்பாட்டில் 47 வீதத்தைப் பதியாமல் விட்டிருந்தார்கள், உடல் அசைவை 51 வீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டியில் வழித்த ஒரு வாயும், பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டியும், தாளித்த எண்ணெயும் நினைவில் நிற்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரி.

அதனால் செயலியின் எண்ணையும் நம் நினைவையும் விட நாலு வாரத் தராசுதான் நல்ல சாட்சி. காலையில் எழுந்து கழிவறை போய் வந்ததும், ஏறக்குறைய ஒரே உடுப்போடு, ஒரே தராசில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் நிறுத்து எழுதிவையுங்கள். வீட்டில் தராசு இல்லாவிட்டால் தோட்டத்து மருந்தகத்திலோ, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்து கிளினிக்கிலோ வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் நிறுக்கலாம். உப்புக் கூடிய கருவாடு, மாதவிடாய்க்கு முந்திய நாட்கள், கடும் நடைக்கு அடுத்த நாள் ஆகியவற்றில் தண்ணீர் தங்கி ஒரு கிலோ வரை ஏறிக் காட்டும். அதைப் பார்த்துப் பட்டினி கிடக்க வேண்டாம். முதல் வாரச் சராசரியை நாலாம் வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

அந்த இடைவெளியில் ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை குறைந்திருந்தால் இப்போது செய்வதையே தொடரலாம், பாதி சாப்பிடுகிறீர்களோ ஒன்றும் சாப்பிடவில்லையோ, அதை மாற்ற வேண்டியதில்லை. அசையவே இல்லை என்றால் நடைக்கு ஈடாகச் சாப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள், அடுத்ததாகச் சீனியையும் எண்ணெயையும் பாருங்கள். மூன்று கிலோவுக்கு மேல் போயிருந்தால், அல்லது மயக்கம், முடி கொட்டல், தூக்கமின்மை, மாதவிடாய் தவறல் இருந்தால், நாளுக்கு 200 கலோரியைப் பருப்பாகவும் முட்டையாகவும் திரும்பச் சேர்த்து இன்னும் இரண்டு வாரம் நிறுத்துப் பாருங்கள். சேர்த்த பிறகும் எடை அதே வேகத்தில் இறங்கினால் அது உடற்பயிற்சியால் வந்த இறக்கமாக இல்லாமல் இருக்கலாம். நீரிழிவு, தைரொயிட், காசம் இருக்கிறதா என்று வைத்தியசாலையில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.